மொட்டை மாடிக் கம்பியும் பழைய கம்ப்யூட்டரும்



போன வாரம் நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். "சார், அந்த டப்பா கம்ப்யூட்டர் இன்னும் ஓடுதா? முப்பத்தஞ்சு வருஷப் பெட்டிக்குள்ள எதுக்கு சார் புது கார்டு?" என்று. இரண்டு வரியில் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் இந்த நீண்ட பதிவு. பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் தேர்வு கிடையாது, ஆனால் ஒரு வேண்டுகோள் உண்டு.

நம் பக்கம் வீடு கட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கீழ்த்தளம் கட்டத்தான் கையில் காசு இருக்கும். ஆனாலும் தூண் கம்பியை மொட்டை மாடிக்கு மேலே மூன்றடி நீட்டி விட்டுவைப்பார்கள். பிள்ளை தலையெடுத்தால் மேல்மாடி எடுக்கட்டும் என்ற கணக்கு. கணினியில் அப்படி விட்டுவைத்த கம்பிக்குப் பெயர்தான் ஸ்லாட். பின்னால் யாரோ செய்யப்போகும் கார்டுக்காக முன்கூட்டியே விட்ட காலி இடம் அது.

1977இல் வந்த ஆப்பிள் 2 கணினியில் எட்டு ஸ்லாட்கள் இருந்தன. இரண்டு போதும் என்றார் ஸ்டீவ் ஜாப்ஸ். எட்டு இருந்தே ஆக வேண்டும் என்று நின்றவர் அதை வடிவமைத்த ஸ்டீவ் வாஸ்னியாக். 1981 ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் தன் பிசியை வெளியிட்டபோது அதில் ஐந்து ஸ்லாட்கள். ஒவ்வொன்றிலும் 62 தொடுமுனைகள். வெறும் பெட்டியாக வாங்கினால் திரையில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. திரைக்கு ஒரு கார்டு, பிளாப்பிக்கு ஒரு கார்டு என்று செருகினால்தான் அது கணினி. இதில் முக்கியமான செய்தி, ஐபிஎம் தன் மின்சுற்று வரைபடத்தைக் கையேடாகவே விற்றது. அதைப் படித்துவிட்டு யார் வேண்டுமானாலும் அந்த ஸ்லாட்டுக்கு ஒரு கார்டு செய்யலாம்.

அந்தக் கதவு வழியாகத்தான் நம் எழுத்தும் உள்ளே வந்தது. ஐபிஎம்மின் முதல் திரைக் கார்டில் 256 உருவங்கள் ஒரு சிப்பில் பதிந்து கிடந்தன. ஆங்கில எழுத்து, எண், கோடு, கட்டம், சில ஐரோப்பிய எழுத்துகள், அவ்வளவுதான். 'அ' போட வழியே இல்லை. இதே சங்கடம் அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த தாய்லாந்துக்காரர் வான் சுவன்னுகுல் என்பவருக்கும் வந்தது. ஆய்வேட்டு வேலையைத் தாய் எழுத்தில் செய்ய வேண்டியிருந்தது. சலித்துக்கொண்டு விடாமல், 1982இல் தானே ஒரு திரைக் கார்டு செய்தார். 720×348 புள்ளிகள், ஒவ்வொன்றையும் தனித்தனியே ஏற்றி இறக்கலாம். புள்ளி கிடைத்துவிட்டால் எந்த எழுத்தையும் வரையலாம் அல்லவா? அதுதான் உலகமெங்கும் விற்ற ஹெர்குலிஸ் கார்டு. தாய் எழுத்தின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் கெமர் வழியாக நம் பல்லவர் எழுத்தில் வந்து நிற்கும். ஒருவகையில் நமக்குப் பங்காளி எழுத்துதான்.

இந்தியாவில் இந்த வேலையைச் செய்தவர்கள் ஐ.ஐ.டி. கான்பூர்க்காரர்கள். 1980களில் அங்கே உருவாகி, 1988இல் தொடங்கிய சி-டாக் நிறுவனத்தின் மூலம் பரவியது ஜிஸ்ட் என்ற கார்டு. அதை ஸ்லாட்டில் செருகினால், ஆங்கிலம் மட்டுமே தெரிந்த வேர்ட்ஸ்டாரும் டிபேஸும் தமிழ் பேசும். அந்த மென்பொருளுக்குத் தான் தமிழ் எழுதுவதே தெரியாது. அது அனுப்புவது வெறும் எண். நடுவில் நிற்கும் கார்டு அதை வாங்கி, கொம்பு, கால், புள்ளி எல்லாம் சேர்த்து எழுத்தாக்கித் திரைக்கு அனுப்பும். இந்த எண்களுக்கான இந்தியத் தரத்துக்கு இஸ்கி என்று பெயர். 1991இல் யூனிகோட் வந்தபோது தமிழுக்கு இடம் ஒதுக்கியதும் 1988ஆம் ஆண்டு இஸ்கியின் வரிசையைப் பார்த்துத்தான். இன்றைக்கு நீங்கள் போனில் தட்டும் தமிழுக்கு அந்தக் கார்டு ஒரு பாட்டி முறை.

இனிப் படத்தில் இருந்த பெட்டிக்கு வருகிறேன்.

என்னோடு ஆசிரியர் பயிற்சி முடித்த நண்பர் ஒருவர், நம் குப்பனூர் பாதையில் கொட்டச்சேட்டுக்கு அப்பால் ஒரு மலைக் கிராமப் பள்ளியில் நெடுங்காலம் வேலை பார்த்தார். சேர்வராயன் மலையில் வாழும் மலையாளி பழங்குடி மக்களின் பாட்டு, விடுகதை, சாமை தினை விதைப்புச் சொற்கள், வைகாசித் தேர்ப் பேச்சு எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்தார். சேலத்தில் ஒரு தட்டச்சு நிலையத்தில் பக்கத்துக்கு இவ்வளவு என்று கொடுத்துக் கணினியில் அடித்தும் வைத்தார். நோட்டுகளைக் கரையான் தின்றது. நண்பரும் போய்ச் சேர்ந்துவிட்டார். தட்டச்சு நிலையம் மூடும்போது அவர் வாங்கி வைத்திருந்த அந்தப் பெட்டி மட்டும் மிஞ்சியது. அவர் வீட்டார் அதை எடைக்குப் போட இருந்தார்கள்.

"டிஸ்கைக் கழற்றிப் புதுக் கம்ப்யூட்டரில் மாட்டினால் போதாதா?" என்று கேட்பீர்கள். பிற்காலத்து டிஸ்க் என்றால் போதும். இது 20 மெகாபைட் டிஸ்க், உங்கள் போன் எடுக்கும் நாலைந்து படங்களின் அளவு. அந்தக் காலத்தில் டிஸ்கைப் படிக்கிற மூளை டிஸ்கில் இல்லை. ஸ்லாட்டில் இருந்த வேறொரு கார்டில் இருந்தது. ஒரு கார்டு எழுதியதை இன்னொரு கம்பெனிக் கார்டு பல நேரம் படிக்காது. ஆக, அந்தப் பெட்டியே எழுந்து உட்கார்ந்து தன் வாயால் சொன்னால்தான் உண்டு. சொல்வதை வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் காலத்து ஆள் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும்.

அந்த ஆள்தான் புதுக் கார்டு. எக்ஸ்டி-ஐடிஇ என்று பெயர். பழைய கணினி ஆர்வலர்கள் கூடி வடிவமைத்து, வரைபடத்தை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர் ஒருவர் அதை வைத்துப் பலகையைச் செய்யக் கொடுத்து, பாகங்களைத் தானே பற்றவைத்தார். கேமராவில் போடுகிற காம்பேக்ட் ஃபிளாஷ் அட்டையை அதில் செருகினால், பழைய பெட்டி அதை இன்னொரு டிஸ்க் என்றே நம்பும். ஒரு கவனம் வேண்டும். பழைய கார்டும் புதுக் கார்டும் ஒரே நினைவக முகவரியைக் கேட்டால் இரண்டும் முட்டிக்கொள்ளும். ஒன்றை வேறு முகவரிக்கு மாற்றி வைத்தார்.

பெட்டி எழுந்தது. கோப்புகளை அட்டைக்கு இறக்கினோம். மூன்று கோப்புகளில் டிஸ்க் கெட்டுப்போய்ப் பாதிதான் கிடைத்தது. மற்றவை முழுசு. புதுக் கணினியில் திறந்தால் ஒரே கிறுக்கல். இஸ்கி என்று தெரிந்ததால், அதன் எண்ணுக்கு எதிரே யூனிகோட் எண்ணை வைத்து அட்டவணை போட்டு மாற்றினார். மலைப் பாட்டுகள் தமிழில் வந்து நின்றன. அச்சுக்குக் கொண்டுபோகும் முன் அந்த ஊர்ப் பெரியவர்களிடம் படித்துக் காட்டித் திருத்தம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

உலகத்தில் இன்னும் வேடிக்கையான கார்டுகளும் உண்டு. 2021இல் 4 டாலர் விலையில் வந்த ராஸ்பெரி பை பிக்கோ என்ற சின்னப் பலகையை வைத்து, 1992ஆம் ஆண்டு ஒலிக் கார்டு போலவே பேசும் கார்டு ஒன்றைச் செய்திருக்கிறார்கள். ஐபிஎம் பிசியின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். விருந்தாளியாக வந்த பிக்கோவின் வேகம் 133. வீட்டுக்காரரைவிட விருந்தாளி 28 மடங்கு வேகம்! 1984-85இல் மத்திய அரசின் 'கிளாஸ்' திட்டத்தில் பள்ளிகளுக்கு வந்த பிபிசி மைக்ரோ சிலருக்கு நினைவிருக்கலாம். அதன் அடியில் 'டியூப்' என்ற இணைப்பு இருந்தது. 1985 ஏப்ரலில் உலகின் முதல் ஆர்ம் சிப்பை அந்த டியூபில் மாட்டித்தான் ஓட்டிப் பார்த்தார்கள். இன்று உங்கள் போனுக்குள் இருப்பது அதன் வாரிசு. ராஸ்பெரி பையில் இருப்பதும் அதுதான். அந்தப் பையை இப்போது பழைய பிபிசியின் டியூபில் மாட்டி ஓட்டுகிறார்கள்.

ஸ்லாட்டை வைத்தவர்களுக்குத் தாய் எழுத்தும் தெரியாது, தமிழும் தெரியாது, சேர்வராயன் மலையும் தெரியாது. நமக்குத் தெரியாத ஒன்று நாளை தேவைப்படலாம் என்பது மட்டும் தெரிந்திருந்தது. இடம் விட்டு, அளவையும் எழுதி வைத்துவிட்டுப் போனார்கள்.

இப்போது வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில், மூடிய டிடிபி கடையில், பள்ளி அலமாரியில் பழைய கணினி கிடந்தால் எடைக்குப் போடும் முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள். உடனே மின்சாரம் கொடுத்துவிடாதீர்கள். 286, 386 பெட்டிகளில் மதர்போர்டில் ஒட்டியிருக்கும் பேட்டரி கசிந்து செப்புக் கோடுகளைத் தின்றிருக்கும். முதலில் திறந்து பாருங்கள். உள்ளே இருக்கும் கார்டுகளைக் கழற்றி வீசாதீர்கள். அவை இல்லாமல் டிஸ்க் பேசாது. மலைமேல் இருப்பவர்கள் பிளாப்பிகளை ஈரம் படாமல் எடுத்து வையுங்கள், பூஞ்சை பிடிக்கும். திறந்தால் கிறுக்கலாகத் தெரிகிறது என்று கோப்பை அழிக்காதீர்கள். 1999இல் தாம், தாப் என்று தரம் வந்து, 2010இல் அரசு யூனிகோடை ஏற்கும்வரை ஆளுக்கொரு எழுத்துருவில் அடித்துக்கொண்டிருந்தோம். எந்த எழுத்துரு என்று தெரிந்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

பெட்டியின் உள்பக்கத்தைப் படம் எடுத்துப் பின்னூட்டத்தில் போடுங்கள். பெங்களூர்த் தம்பி பார்த்துச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்.

எல்லோரும் நலமாக இருங்கள்.