எலியெமோசினே: தகுதி கேட்காத சொல்

புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தில் ஏழைக்கு இடும் தருமத்துக்குப் பெயர் 'எலியெமோசினே'. இரக்கம் என்று பொருள்படும் 'எலியோஸ்' அதன் வேர். ஆங்கிலத்தின் 'ஆம்ஸ்' இதே சொல்லின் தேய்ந்த வடிவம். எபிரேயத்தில் நீதியைக் குறித்த 'செதாக்கா'வையும் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் சில இடங்களில் இச்சொல்லாலேயே பெயர்த்தார்கள். இரக்கமோ நீதியோ, இரண்டும் கொடுப்பவனைக் கட்டுபவை. வாங்குபவனின் ஒழுக்கத்துக்கு இச்சொல்லில் இடமே இல்லை. வேர்ச்சொல் மட்டும் ஒரு கொள்கையை நிறுவிவிடாது என்பது சரிதான். ஆனால் அதே மொழியில் பிரசங்கித்த யோவான் கிறிசோஸ்தோம், 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தியோக்கியாவில் ஐசுவரியவான், லாசரு கதையை விளக்கியபோது இதையே வற்புறுத்தினார்: ஏழைக்கு அவனுடைய தேவையே தகுதி, அவன் வாழ்க்கையைத் துருவ வேண்டாம் என்று.

வேலை செய்ய மனமில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்னும் இரண்டாம் தெசலோனிக்கேயர் நிருபத்தை மறுப்பாகக் காட்டுவார்கள். அங்கே கண்டிக்கப்படுபவர்கள் சபைக்குள்ளேயே வேலையை விட்டுத் திரிந்தவர்கள். உழைக்க முடியாதவன்மேல் அந்த வாக்கியத்தை ஏவுவது அநியாயம். இதைவிட வலுவான மறுப்பு 'டிடாக்கே' என்னும் பழைய திருச்சபை ஒழுங்குநூலில் இருக்கிறது: ஆளறிந்து கொடு என்கிறது அது. ஆனால் அதற்குச் சற்று முன்பாகவே, கேட்கிற எவனுக்கும் கொடு என்றும், தேவையில்லாமல் வாங்கியவனே அதற்குக் கணக்கு ஒப்புவிப்பான் என்றும் அந்நூல் சொல்கிறது.