எண்ணெய்ப் பணத்துக்கு நடக்கும் இழுபறி: சிறு முதலீட்டாளர் அறிய வேண்டியவை

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் பங்குச் சந்தைப் பேச்சு எழுந்தால் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "பெட்ரோனாஸ் பங்கு வாங்கலாமா?" விலை நிலவரம் பார்க்காமலேயே இதற்குப் பதில் சொல்லிவிடலாம். பெட்ரோனாஸ் பங்கு என்று ஒன்று சந்தையில் இல்லை. 1974 ஆகஸ்ட் 17இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனம் முழுக்க அரசாங்கத்துக்குச் சொந்தமானது. புர்சா மலேசியாவில் பொதுமக்கள் வாங்கக்கூடியவை அதன் துணை நிறுவனங்களின் பங்குகள்தான். எரிவாயுக் குழாய்களை நடத்தும் பெட்ரோனாஸ் கேஸ், எண்ணெய் நிலையங்களை நடத்தும் பெட்ரோனாஸ் டாகாங்கான், பெட்ரோனாஸ் கெமிக்கல்ஸ், கப்பல் நிறுவனமான எம்ஐஎஸ்சி ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. ஆகவே, வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ யாராவது "பெட்ரோனாஸ் நேரடிப் பங்கு, மாதம் இத்தனை விழுக்காடு" என்று விற்க வந்தால் அது மோசடி. அதில் ஆராய்வதற்கு ஒன்றுமில்லை.

தாய் நிறுவனம் சந்தையில் இல்லாதபோது, அதைச் சுற்றி நடக்கும் அரசியல் சண்டை சிறு முதலீட்டாளரை எப்படித் தொடும்? இதைப் புரிந்துகொள்ள 1974ஆம் ஆண்டின் பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். நாட்டின் நிலத்திலும் கடலிலும் கிடைக்கும் பெட்ரோலியம் முழுவதையும் அந்தச் சட்டம் பெட்ரோனாஸ் கையில் கொடுத்தது. அதற்கு ஈடாக, எண்ணெய் எடுக்கப்படும் மாநிலத்துக்கு 5 விழுக்காடு ரொக்கம். இதைத்தான் எல்லாரும் ராயல்டி என்கிறோம். திரெங்கானுவும் சரவாக்கும் 1975 மார்ச்சில் கையெழுத்திட்டன. சபா தயங்கியது. 1976 ஜூன் 6ஆம் தேதி விமான விபத்தில் முதலமைச்சர் துன் ஃபுவாட் ஸ்டீபன்ஸ் இறந்த பின்னர், எட்டு நாள் கழித்து அடுத்த முதலமைச்சர் ஹாரிஸ் சாலே கையெழுத்திட்டார்.

அந்த 5 விழுக்காடு எவ்வளவு எளிதில் அரசியலாகும் என்பதைத் திரெங்கானு காட்டியது. 1999 பொதுத் தேர்தலில் பாஸ் கட்சி மாநிலத்தைப் பிடித்தது. மறு ஆண்டே மாநில அரசாங்கத்துக்குப் போய்க்கொண்டிருந்த ராயல்டி நின்றது. அதற்குப் பதிலாக 'வாங் எஹ்சான்' என்ற பெயரில் கூட்டரசு அரசாங்கமே அந்தப் பணத்தைச் செலவிட்டது. விவகாரம் நீதிமன்றம் வரை போனது.

இப்போதைய இழுபறி சரவாக்குடன். அம்மாநிலம் 2017இல் பெட்ரோஸ் என்ற சொந்த எண்ணெய் நிறுவனத்தை அமைத்தது. 2019 ஜனவரி 1 முதல் பெட்ரோலியப் பொருள்களுக்கு 5 விழுக்காடு மாநில விற்பனை வரி விதித்தது. பெட்ரோனாஸ் எதிர்த்தது. 2020 மார்ச்சில் கூச்சிங் உயர்நீதிமன்றம் சரவாக்குக்கு அந்த உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு 2019க்கான வரியாக ஏறக்குறைய 296 கோடி வெள்ளி கைமாறியது. சபாவும் 2020 ஏப்ரல் முதல் அதே வரியை விதித்தது. 2024இல் சரவாக் இன்னொரு படி மேலே போய், மாநிலத்தின் எரிவாயுவை வாங்கி விற்கும் ஒரே முகவராகப் பெட்ரோஸை நியமித்தது. 2025 மே மாதம் பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிமும் சரவாக் பிரிமியர் அபாங் ஜொஹாரியும் கூட்டறிக்கை வெளியிட்டனர். ஆனாலும் எந்தச் சட்டம் செல்லும் என்ற கேள்வி அதோடு முடியவில்லை.

சபாவின் கணக்கு வேறு. மாநிலத்திலிருந்து கூட்டரசு திரட்டும் நிகர வருமானத்தில் ஐந்தில் இரண்டு பங்கு, அதாவது 40 விழுக்காடு, திரும்பி வர வேண்டும் என்கிறது கூட்டரசு அரசியலமைப்பு. 1974 முதல் 2021 வரை இந்தக் கடமை நிறைவேற்றப்படவில்லை என்று 2025 அக்டோபர் 17இல் கோத்தா கினபாலு உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இது எண்ணெய் வழக்கு அல்ல, பட்ஜெட் வழக்கு. ஆனால் கொடுக்க வேண்டிய பணம் எங்கிருந்து வரும் என்று கேட்டால் பேச்சு மறுபடியும் பெட்ரோனாஸிடம்தான் வந்து நிற்கும்.

காரணம், கூட்டரசு பட்ஜெட் அந்த ஒரு நிறுவனத்தின் இலாப ஈவை வெகுவாக நம்பியிருக்கிறது. 2019இல் பெட்ரோனாஸ் கொடுத்தது 5,400 கோடி வெள்ளி. அதில் 3,000 கோடி, வரி பாக்கிகளைத் திருப்பித் தருவதற்கென்றே கேட்டு வாங்கிய சிறப்பு ஈவு. 2022இல் 5,000 கோடி, 2023இல் 4,000 கோடி, 2024இல் 3,200 கோடி. 2026 பட்ஜெட்டில் எதிர்பார்க்கப்பட்டது 2,000 கோடி மட்டுமே. நிறுவனத்தின் வரிக்குப் பிந்தைய இலாபமும் 2023இல் 8,070 கோடியாக இருந்து 2024இல் 5,510 கோடியாக இறங்கிவிட்டது. 2025 ஜூனில் ஊழியர்களில் பத்தில் ஒரு பங்கினரைக் குறைப்பதாகப் பெட்ரோனாஸ் அறிவித்தது.

பானை ஒன்று, அகப்பைகள் பல. புத்ராஜெயா ஈவு கேட்கிறது, மாநிலங்கள் பங்கு கேட்கின்றன. இவை போக மிஞ்சுவதில்தான் புதிய கிணறு தோண்டுவதும் பழைய மேடையைப் பழுதுபார்ப்பதும் நடக்கும். சிறு முதலீட்டாளர் எந்தப் பங்கை வைத்திருக்கிறாரோ அதைப் பொறுத்தே அடி விழும்.

பெட்ரோனாஸ் கேஸ் நிறுவனத்துக்கு அடி மிகக் குறைவு. தீபகற்பத்தின் எரிவாயுக் குழாய்களும், சுங்கை ஊடாங், பெங்கேராங் திரவ எரிவாயு முனையங்களும் அதன் வருமானம். குழாய்க் கட்டணத்தை எரிசக்தி ஆணையம் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை நிர்ணயிக்கிறது. ஷா ஆலாமைத் தலைமையகமாகக் கொண்ட கேஸ் மலேசியாவும் இப்படித்தான். கிள்ளான் வட்டாரக் கையுறைத் தொழிற்சாலைகள் எரிக்கும் வாயு சரவாக்கிலிருந்து குழாயில் வருவதில்லை. தீபகற்பத்தின் வாயு பெரும்பாலும் கிழக்குக்கரைக் கடலிலிருந்து வருகிறது. சரவாக் வாயுவின் பெரும்பகுதி பிந்துலுவில் திரவமாக்கப்பட்டு வெளிநாட்டுக்குப் போகிறது. இத்தகைய பங்குகளுக்கு அரசியலை விட நேரடியான ஆபத்து வேறு. 2025 ஏப்ரல் 1இல் புத்ரா ஹைட்ஸில் வெடித்த குழாய் பெட்ரோனாஸ் கேஸுடையது. நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர், வீடுகள் எரிந்தன.

பெட்ரோனாஸ் கெமிக்கல்ஸ் பங்கைத்தான் நம்மவர் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 2010 நவம்பரில் பொதுமக்களுக்கு 5 வெள்ளி 5 காசுக்கு விற்கப்பட்டது. 2022இல் 10 வெள்ளியைத் தொட்டது. 2025இல் 4 வெள்ளிக்கும் கீழே போனது. பிந்துலுவில் உரத் தொழிற்சாலை, சபாவின் சிப்பித்தாங்கில் இன்னொன்று, லாபுவானில் மெத்தனால் ஆலை என்று கிழக்கு மலேசிய எரிவாயுவை நம்பிய ஆலைகள் அதற்கு உண்டு. அதனால் விலை விழுந்ததற்குப் பெட்ரோஸ்தான் காரணம் என்று பேசுவது எளிது. ஆனால் உலகம் முழுவதும் பிளாஸ்டிக் மூலப்பொருள் மிதமிஞ்சிக் குவிந்தது, குறிப்பாகச் சீனா கட்டிய புதிய ஆலைகள், விலையை நசுக்கியதுதான் பெரிய காரணம். கூச்சிங்கும் புத்ராஜெயாவும் நாளையே கைகுலுக்கினாலும் அந்தக் குவியல் கரையாது.

உண்மையான வலி சேவை நிறுவனங்களில் இருக்கிறது. கடல் மேடை பழுதுபார்ப்பு, கப்பல் வாடகை, கிணறு தோண்டுதல் ஆகிய வேலைகளைச் செய்யும் நிறுவனங்கள் இவை. பங்கு விலை சில காசுகள் என்பதால் ஆயிரம் வெள்ளியுடன் வருபவரையும் இழுத்துவிடும். மிரியில் தலைமையகம் உள்ள டாயாங் போன்ற நிறுவனத்துக்கு வருமானம் என்பது வேலை உத்தரவு. பெட்ரோனாஸும் அதன் கூட்டாளிகளும் உத்தரவைத் தள்ளிப்போட்டால் அந்தக் காலாண்டே படுத்துவிடும். மழைக்காலத்தில் எப்படியும் வேலை மந்தம். அதனால் ஆண்டின் முதல் காலாண்டுக் கணக்கைப் பார்த்துப் பதறுவதும் தவறு, மூன்றாம் காலாண்டைப் பார்த்து மகிழ்ந்து வாங்குவதும் தவறு.

உரிமம் யாரிடம் வாங்குவது, வரி யாருக்குக் கட்டுவது என்று தெளிவில்லாத இடத்தில் பெரிய நிறுவனங்கள் காத்திருக்கும். அமெரிக்காவின் கோனோகோபிலிப்ஸ் 2025இல் சரவாக்கின் சலாம்-பதாவாலி ஆழ்கடல் திட்டத்திலிருந்து விலகியது. இந்த இழுபறிதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அப்படி ஒரு திட்டம் நின்றால் அதன் பின்னால் வரிசையில் நின்ற உள்ளூர்க் குத்தகையாளர்களுக்கு வேலை குறையும்.

இந்த வகையில் மறக்கக்கூடாத பெயர் சபூரா எனர்ஜி. 2014 வாக்கில் 4 வெள்ளிக்கு மேல் விற்ற பங்கு. கடன் வாங்கி எண்ணெய் வயல்களை வாங்கிக் குவித்த நேரத்தில், அதே ஆண்டின் பிற்பாதியில் எண்ணெய் விலை சரிந்தது. பின்னர் 30 காசுக்குப் புதிய பங்குகளை வெளியிட்டுப் பணம் திரட்டினார்கள். பெர்மோடாலான் நேஷனல் எனும் பிஎன்பி ஏறக்குறைய 40 விழுக்காடு எடுத்துத் தாங்கிப் பிடித்தது. அப்படியும் 2022 மே மாதம் நிதி நெருக்கடி நிறுவனங்களுக்கான பிஎன்17 பட்டியலில் விழுந்தது. "பெட்ரோனாஸ் வேலை கொடுக்கிறது, பிஎன்பி பின்னால் நிற்கிறது, மூழ்காது" என்று நம்பி ஒவ்வொரு சரிவிலும் கூடுதலாக வாங்கியவர்கள்தான் அதிகம் இழந்தார்கள்.

பங்கே வாங்காதவர்களும் இதற்கு வெளியே இல்லை. ஊழியர் சேமநிதி வாரியம் பெட்ரோனாஸ் கேஸ் உட்பட இந்தப் பங்குகளில் கணிசமாக முதலீடு செய்திருக்கிறது. 2009இல் இந்தியர்களுக்கு 15 விழுக்காடு ஒதுக்கீட்டுடன் வந்து, இன்று ஏஎஸ்எம் 3 என்று அழைக்கப்படும் யூனிட் டிரஸ்டை நடத்துவது பிஎன்பி. யூனிட் விலை எப்போதும் 1 வெள்ளி. ஆகவே சந்தைச் சரிவு அங்கே விலையில் தெரியாது, ஆண்டு ஈவு சிறிது மெலிவதில்தான் தெரியும். சேமநிதி 2024க்குக் கொடுத்தது 6.30 விழுக்காடு. அதன் பணம் பல துறைகளிலும் வெளிநாடுகளிலும் பரவியிருப்பதால், எண்ணெய்ச் சண்டை ஒன்றால் மட்டும் அது ஆட்டம் காணாது.

அரசியல் செய்தி வந்த அன்றே பங்கை விற்பதோ வாங்குவதோ பெரும்பாலும் வீண் அவசரம். சேவை நிறுவனப் பங்கு வைத்திருப்பவருக்கு, அமைச்சர்களின் பேச்சை விடப் பயன் தருவது பெட்ரோனாஸ் ஆண்டுதோறும் வெளியிடும் நடவடிக்கைக் கண்ணோட்ட அறிக்கை. அடுத்த மூன்று ஆண்டுகளில் எத்தனை கிணறுகள், எத்தனை துளையிடும் மேடைகள், எத்தனை கப்பல்கள் தேவைப்படும் என்ற கணிப்பு அதில் இருக்கும், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். சென்ற ஆண்டு அறிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தள்ளிப்போன வேலைகள் எண்ணிக்கையிலேயே தெரிந்துவிடும். வழக்கமாக அக்டோபரில் தாக்கலாகும் பட்ஜெட்டின் வருமானப் பக்கத்தில் பெட்ரோனாஸ் ஈவு என்று ஒரு வரி இருக்கும். அது முந்தைய ஆண்டை விடக் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம்.