ரொட்டி ஊறும் இரவு

டிசம்பர் 24ஆம் தேதி இரவு, பிள்ளைகள் உறங்கியபின், அமெரிக்க வீடுகள் பலவற்றின் சமையலறையில் விளக்கு எரியும். முந்தின நாள் ரொட்டியைத் துண்டுகளாக்கி, வெண்ணெய் தடவிய நீள்சதுரக் கண்ணாடித் தட்டில் பரப்புவார்கள். எட்டு முட்டை, அரை லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாகப் பால், சர்க்கரை, பட்டைத்தூள் ஆகியவற்றை அடித்துக் கலந்து அதன்மேல் ஊற்றுவார்கள். ஆப்பிள் துண்டுகளோ புளூபெரிப் பழங்களோ சேர்த்து, மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டுப் படுக்கச் செல்வார்கள். காலையில் தட்டு அப்படியே ஓவனுக்குள் போகும். முக்கால் மணி நேரத்தில் சிற்றுண்டி ஆயத்தம். இதற்குக் 'காஸரோல்' என்று பெயர். நம் வீடுகளில் அச்சொல் சப்பாத்தி சூடாறாமல் காக்கும் மூடிபோட்ட பாத்திரத்தைக் குறிக்கும். அங்கேயோ, ஓவனில் வெந்து அப்படியே உணவு மேசைக்கு வரும் தட்டையும், அதில் வெந்த பண்டத்தையும் சேர்த்தே குறிக்கும்.

இப்பண்டத்தைப் பாட்டி காலத்துச் சமையல் என்று சொல்லிக்கொள்வதில் பலருக்கும் ஒரு மகிழ்ச்சி. ரொட்டியையும் பாலையும் மட்டும் பார்த்தால், அது பாட்டிக்கும் பாட்டி காலத்தது. அபீசியஸ் பெயரால் வழங்கும் உரோமானியச் சமையல் நூலிலேயே, மேலோட்டை நீக்கிய கோதுமை ரொட்டியைப் பாலில் தோய்த்துப் பொரித்துத் தேன் ஊற்றும் குறிப்பு இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் இவ்வகைப் பண்டத்தை 'இழந்த ரொட்டி' என்றும், ஜெர்மானியர் 'ஏழை வீரர்கள்' என்றும் அழைத்தார்கள். காய்ந்த ரொட்டியை வீணாக்க மனமில்லாத வீடுகளின் உணவு என்பது பெயர்களிலேயே தெரிகிறது. ஆனால் இந்த நெடிய வரலாற்றில் ஒன்றுமட்டும் மிகப் பிந்தி வந்து சேர்ந்தது. அது இரவு.

இதற்குச் சான்றாக எலிசா ஸ்மித்தின் 'தி கம்ப்ளீட் ஹவுஸ்வைஃப்' நூலைக் காட்டலாம். 1727இல் இலண்டனில் வெளிவந்தது. அதிலுள்ள ரொட்டி–வெண்ணெய்ப் புட்டிங், இன்றைய காஸரோலுக்கு நேரடியான மூதாதை. வெண்ணெய் தடவிய ரொட்டித் துண்டுகள் ஒரு வரிசை, உலர்திராட்சை ஒரு கைப்பிடி, மீண்டும் ரொட்டி என்று தட்டு நிறைய அடுக்கச் சொல்கிறார். காய்ச்சிய பாலேட்டைப் பத்து முட்டைக் கருவால் கெட்டியாக்கி, சாதிக்காயும் சர்க்கரையும் சேர்க்கச் சொல்கிறார். (இதை நோன்பு நாட்களுக்கு உரியதென்று தலைப்பிட்டிருப்பது வேடிக்கை. இறைச்சி இல்லையென்பதே அங்கே நோன்பு.) அந்தக் கலவையை எப்போது ஊற்றுவது? புட்டிங் அடுப்புக்குள் போகும் தறுவாயில்தான் என்கிறார். இன்றைய குறிப்பில் எட்டு மணி நேரம் இருக்கும் இடத்தில் அன்று ஒரு நொடிகூட இல்லை. வெதுவெதுப்பான சமையலறையில் பாலும் முட்டையும் கலந்ததை விடியும்வரை வைத்திருப்பதைவிட உடனே வேகவைப்பதே அறிவுடைமை. கடுங்குளிர்கால நிலவறைகளை விட்டுவிட்டால், அக்காலத்துப் பெரும்பாலான வீடுகளுக்கு அதற்கு வழியில்லை.

இதே நூலை வில்லியம் பார்க்ஸ் 1742இல் வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க் நகரில் மறுபதிப்பாக அச்சிட்டார். அமெரிக்கக் குடியேற்றங்களில் அச்சான முதல் சமையல் நூல் அதுவே. அமெரிக்க விடுதலைப் போருக்குச் சற்றுமுன் அந்நகர மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் கருப்பின மக்கள். அவர்களுள் பெரும்பாலோர் அடிமைகள். நூலை வாசித்தவள் எசமானி. விடியுமுன் எழுந்து விறகு மூட்டியவளுக்கோ பெரும்பாலும் எழுத்தறியும் வாய்ப்பே கொடுக்கப்படவில்லை. காலை உணவுக்காக யார் முன்னதாக எழுவது என்ற கேள்விக்கு அந்த வீடுகளில் ஐயத்துக்கே இடமில்லாத விடை இருந்தது.

இரவு வந்து சேரக் கண்ணாடியும் குளிரும் வேண்டியிருந்தன. கண்ணாடியின் கதை சுவையானது. நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் நிறுவனம், இரயில்வே விளக்குகள் மழையிலும் பனியிலும் வெடிக்காதிருக்க, வெப்பத்தால் அதிகம் விரியாத ஒரு கண்ணாடியை உருவாக்கியிருந்தது. அங்கே பணியாற்றிய அறிவியலாளர் ஜெஸ்ஸி லிட்டில்டன். 1913இல் அவருடைய மனைவி பெஸ்ஸியின் மண் காஸரோல் பாத்திரம் விரிசல்விட்டது. ஆய்வுக்கூடத்திலிருந்து ஏதேனும் கொண்டுவரும்படி அவர் கணவரிடம் கேட்டார். கணவர் கொண்டுவந்தவை மின்கல ஜாடிகளின் அறுத்தெடுத்த அடிப்பாகங்கள். பெஸ்ஸி அதில் கேக் வேகவைத்தார். அது சீராக வெந்தது, பாத்திரத்தில் ஒட்டவுமில்லை. 1915இல் 'பைரெக்ஸ்' விற்பனைக்கு வந்தது. கலப்பதும் வைப்பதும் வேகவைப்பதும் பரிமாறுவதும் ஒரே தட்டில் என்பது அதன்பிறகு எளிதாயிற்று.

குளிருக்கு முன்பு பனிக்கட்டிப் பெட்டிகள் இருந்தன. கட்டி உருக உருக உள்ளே வெப்பம் ஏறும். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் 'மானிட்டர் டாப்' 1927இல் வந்தது; இரண்டாம் உலகப்போருக்குப்பின் அமெரிக்க வீடுகளில் குளிர்பதனப் பெட்டி பொதுவாயிற்று. 4 டிகிரி செல்சியசுக்குக் கீழே கிருமிகள் பெருகுவது மந்தமாகிறது. அந்த அவகாசத்தில்தான் பால் ரொட்டியின் நடுப்பகுதிவரை இறங்குகிறது. புதிய ரொட்டி இதைத் தாங்காது, கூழாகிவிடும். பழைய ரொட்டியில் மாவுச்சத்து இறுகி, ஈரமும் குறைந்திருப்பதால் அது உறிஞ்சியும் உருக்குலையாமல் நிற்கும். ஏழ்மைக்காகப் பழைய ரொட்டியைத் தேடிய காலம் போய், பக்குவத்துக்காகப் புதியதை வேண்டுமென்றே காயவைக்கும் காலம் வந்தது!

பழங்களின் வரலாறும் பழமையானதன்று. புளூபெரி நெடுங்காலம் காட்டில் பறிப்பதாகவே இருந்தது. அமிலத்தன்மையுள்ள மண்ணில்தான் அது வளரும் என்பதைத் தாவரவியலாளர் பிரெடெரிக் கோவில் கண்டறிந்தார். நியூஜெர்சியில் எலிசபெத் வைட் அவரோடு சேர்ந்து பயிரிட்டு, 1916இல் முதன்முதலாக விளைச்சலை விற்பனைக்கு அனுப்பினார். அன்னாசியின் சேதி வேறு. புதிய அன்னாசித் துண்டுகளை இரவெல்லாம் பாலிலும் முட்டையிலும் ஊறவிட்டால், அதிலுள்ள நொதி புரதத்தைச் சிதைத்துவிடும். பால் கசக்கும், முட்டைக் கலவையும் சரியாக உறையாது. பப்பாளிக்காயைப் போட்டு இறைச்சியை மென்மையாக்கும் நம்மூர்ச் சமையற்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. டப்பாவில் அடைத்த அன்னாசி கெடுதல் செய்யாது. அடைக்கும்போது சூடேற்றுவதால் நொதி செயலிழந்துவிடுகிறது.

இத்தனை ஏற்பாடுகளும் அந்தத் தாயின் வேலையைக் குறைத்தனவா? ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய 'மோர் வொர்க் ஃபார் மதர்' நூல், வீட்டுக் கருவிகள் ஆண்களும் பிள்ளைகளும் வேலையாட்களும் செய்துவந்த வேலைகளை ஒழித்தனவேயன்றி, இல்லத்தரசியின் வேலை நேரத்தைக் குறைக்கவில்லை என்று வாதிடுகிறது. காஸரோலைப் பற்றி எனக்கும் அதுவே தோன்றுகிறது. காலை ஆறு மணி வேலை இரவு பதினொரு மணிக்கு இடம் மாறியிருக்கிறது. எனினும் அந்த இடமாற்றத்தை நான் எள்ளமாட்டேன். பரிசுப் பொதிகளைப் பிள்ளைகள் பிரிக்கும் வேளையில், தாயும் அடுப்படியை விட்டு அவர்கள் நடுவே அமர்ந்திருக்கிறாள். விறகு மூட்டியவளுக்கு அது கிட்டவில்லை.

செய்து பார்க்க விரும்புவோருக்கு ஒரு சொல். 175 டிகிரி செல்சியஸ் சூட்டில், நடுப்பகுதி 71 டிகிரியை எட்டும்வரை வேகவேண்டும். அமெரிக்காவில் இன்று அந்தப் பெயரில் விற்கும் கண்ணாடித் தட்டுகள் பழைய இரயில் விளக்குக் கண்ணாடியால் ஆனவையல்ல. சாதாரணச் சோடாச் சுண்ணாம்புக் கண்ணாடியைப் பதப்படுத்திச் செய்தவை. திடீர் வெப்பமாற்றத்தை அந்த அளவு தாங்கா. ஆகவே குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த தட்டை அரைமணி நேரம் வெளியே வைத்திருந்து, பிறகே ஓவனில் வைக்கவேண்டும். அந்த அரைமணி நேரத்துக்காக வீட்டில் யாராவது ஒருவர் முன்னதாக எழுந்துதான் ஆகவேண்டும்.