நடுவரை யார் வச்சது?

நடுவர் அவர்களே! உங்களை இங்கே உட்கார வச்சது ரெண்டு அணியும் சேர்ந்து. அமெரிக்காவுல பல வங்கிகள்ல கணக்குத் தொடங்குறவருக்கு இந்த வசதி இல்லீங்க. ‘தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போகமாட்டேன், தனியார் நடுவரிடமே போவேன்’னு பொடி எழுத்துல வங்கியே எழுதி வச்சிருக்கும்.

1925-ல் இதற்கான சட்டம் வந்தது முக்கியமா வியாபாரிங்க தகராறைச் சீக்கிரம் தீர்க்க. இருவரும் விவரம் தெரிஞ்சவங்க, தப்பில்லை. 1987-ல் பங்குத் தரகரிடம் பணம் போட்ட சாதாரண ஆளையும் அது கட்டும்னு உச்சநீதிமன்றம் சொல்லிடுச்சு. 2011-ல், பலர் சேர்ந்து போடுற கூட்டு வழக்கையும் ஒப்பந்தம் தடுக்கலாம்னு தீர்ப்பு. அந்த செல்போன் வழக்கில் விவகாரமே சுமார் 30 டாலர்! அதுக்குத் தனியா எவன் வக்கீல் வைப்பான்?

வெல்ஸ் ஃபார்கோ வங்கி கதையைக் கேளுங்க. வாடிக்கையாளருக்கே தெரியாம லட்சக்கணக்கில் கணக்குத் திறந்தாங்க. 2016-ல் மொத்தம் 18.5 கோடி டாலர் அபராதம். ஏமாந்தவங்க வழக்குப் போட்டா, ‘உண்மையான கணக்குக்குக் கையெழுத்துப் போட்டீங்களே, பொய்க் கணக்குக்கும் அது செல்லும்’னு வங்கி வாதாடிச்சு! (சிரிப்பு)

2017 ஜூலையில் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு, கூட்டு வழக்கைத் தடுக்கக் கூடாதுன்னு விதி போட்டது. அக்டோபரில் செனட் சபையில் 50-க்கு 50. துணை ஜனாதிபதி மைக் பென்ஸ் போட்ட ஒத்தை ஓட்டில் விதி கவிழ்ந்தது. நவம்பர் 1-ல் ஜனாதிபதி டிரம்ப் கையெழுத்தும் போட்டுட்டார்.