புன்னைக்காயலில் ஓர் ஆசிரியர்

நன்னூலின் பொதுப்பாயிரம் நல்லாசிரியரை நிலத்துக்கும் மலைக்கும் நிறைகோலுக்கும் மலருக்கும் ஒப்பிடுகின்றது. ஆசிரியர் ஆகத் தகாதவரைக் கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு என்னும் நான்கு பொருள்களால் சுட்டுகின்றது. இருபது ஆண்டுகளாக இப்பகுதியை நான் வகுப்பில் நடத்தி வருகிறேன். மடற்பனையை விளக்கும்போது மாணவியர் தவறாமல் சிரிப்பர். தம் ஆசிரியருள் எவரை நினைத்துச் சிரிக்கின்றனர் என்று கேட்கும் துணிவு மட்டும் எனக்கு இன்றுவரை வந்ததில்லை.

ஆசிரியரின் குலம், அருள், கலை பயில் தெளிவு, கட்டுரை வன்மை ஆகியவற்றை எல்லாம் எண்ணிச் சொன்ன பவணந்தியார், ஒருவர் ஏன் கற்பிக்க வருகிறார், வந்தபின் எது அவரை அங்கே நிறுத்தி வைக்கிறது என்னும் வினாவை எழுப்பவில்லை. ஆசிரியரின் அகம் நம் இலக்கண நூல்களுக்குள் வரவில்லை. அதை அறிய வேண்டுமாயின் ஆசிரியர்கள் தம் கையால் எழுதி வைத்தவற்றைத் தேட வேண்டும். நம் பேறு, அத்தகைய எழுத்துகள் இந்த முத்துக்குளித்துறையைப் பற்றிப் பதினாறாம் நூற்றாண்டிலிருந்தே கிடைக்கின்றன. அவை இங்கிருந்து கோவாவுக்கும் லிஸ்பனுக்கும் உரோமைக்கும் அனுப்பப்பட்ட கடிதங்கள்.

1542இல் இக்கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாரைத் துறவியாகவே நாம் அறிவோம். அவர் அதற்கு முன் பாரிசில் போவே கல்லூரியில் மெய்யியல் நடத்திய ஆசிரியர் என்பது பலர் நினைவில் இருப்பதில்லை. அரிஸ்டாட்டிலைக் கற்பித்த அவர், மணப்பாட்டிலும் புன்னைக்காயலிலும் தூத்துக்குடியிலும் கையில் மணியுடன் தெருத்தெருவாய் நடந்து பிள்ளைகளைக் கூட்டினார். தமிழ் அவருக்கு வரவில்லை. தெரிந்தவர்களை வைத்து மன்றாட்டுகளைப் பெயர்த்து, மனப்பாடம் செய்து, அவற்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார். கற்ற பிள்ளைகள் வீடு சென்று தாய் தந்தையர்க்குச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. 1544 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில், பாரிசுப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பித்தன்போல் கூவி, கற்றதைப் பயன்படுத்த மனமின்றிக் கற்றுக்கொண்டே இருப்பவரை உலுக்க வேண்டும்போல் இருக்கிறது என்னும் பொருள்பட அவர் எழுதினார். பழைய வகுப்பறையை விட்டுவந்த ஆசிரியர் ஒருவரின் சினம் அதில் இருக்கிறது. சற்றே குற்றவுணர்வும் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

அதே ஆண்டு தம் உடனுழைப்பாளர் மான்சிலாசுக்கு எழுதிய மடலில் சிறு திருத்தம் ஒன்று வருகிறது. நம்பிக்கை அறிக்கையின் பெயர்ப்பில் ‘நம்புகிறேன்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘எனக்கு வேணும்’ என்று இருந்துவிட்டது. ஏறத்தாழ ஈராண்டுகள் அதையே ஊர் ஊராகப் பாடம் சொல்லியாயிற்று. வேணும் என்பது விருப்பத்தைக் குறிப்பது, ஆகையால் விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லை இட்டுச் சொல்லுங்கள் என்று சவேரியார் திருத்துகிறார். தாம் பிழையாகக் கற்பித்ததை அறியும் நாளில் ஆசிரியருக்கு ஏற்படும் கூச்சத்தை நான் அறிவேன். பல ஆண்டு ஒரு சொல்லுக்குத் தவறான பொருள் சொல்லி, பின்னர்ச் சிறந்த உரை ஒன்றைப் பார்த்துத் தலைகுனிந்திருக்கிறேன். என் பழைய மாணவியர் எத்தனை பேர் அத்தவற்றைத் தம் பள்ளிகளில் நடத்திக்கொண்டு இருக்கிறார்களோ!

சவேரியார் ஊர்தோறும் அமர்த்திய கணக்கப்பிள்ளைகள் இக்கரையின் மறக்கப்பட்ட ஆசிரியர்கள். நாள்தோறும் மன்றாட்டு சொல்லிக் கொடுப்பதும் பிள்ளைகளை ஒன்றுகூட்டுவதும் அவர்தம் பணி. அவர்களுக்குரிய ஊதியம் முத்துச் சலாபத்திலிருந்து வந்தது. முத்துக்குளித்துறையின் வருவாயில் ஆண்டுக்கு 4000 பணம் போர்ச்சுகல் அரசியின் காலணிச் செலவுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. அதை இப்பிள்ளைகளின் கல்விக்குத் தருமாறு சவேரியார் கேட்டுப் பெற்றார். அரசி விண்ணுலகு ஏறுவதற்கு இப்பிள்ளைகளைவிட நல்ல காலணி வாய்க்காது என்று நயமாக எழுதினார் என்பர். கடலடியில் மூச்சடக்கிக் கிளிஞ்சல் பொறுக்கியவரின் உழைப்பு அரசியின் காலுக்குப் போகாமல் அவர் பிள்ளைகளின் நாவுக்குத் திரும்பிற்று. கணக்கப்பிள்ளைகள் கூலிக்குக் கற்பித்தவர்கள் என்று இதனால் இகழ வேண்டியதில்லை. மாத முதல் நாளை எதிர்பார்த்துக்கொண்டே நாமும் கற்பிக்கிறோம். அவர்கள் பணியைச் சரியாகச் செய்கின்றனரா என்று பார்த்து வருமாறு மான்சிலாசுக்கு மீண்டும் மீண்டும் கட்டளை வருவதைக் காணும்போது, கல்வித்துறை ஆய்வாளர் வருகை அன்றே தொடங்கிவிட்டது என்று சொல்லத் தோன்றுகிறது.

சவேரியாரைக் கற்பிக்கச் செய்தது அவசரம். உயிர்கள் அழிகின்றன, காலம் போதாது என்ற தவிப்பு. அவர் இக்கரையில் தங்கியது சில ஆண்டுகளே. அவருக்குப்பின் வந்தவரின் உள்ளம் வேறு வகையானது. அவர் அண்டிரிக் அடிகளார் எனத் தமிழில் வழங்கும் ஹென்றிக் ஹென்றிக்கஸ்.

1520இல் போர்ச்சுகலின் விலா விசோசாவில் பிறந்தவர். யூத மரபில் தோன்றியவர் என்பதற்காகப் பிரான்சிஸ்கு சபையிலிருந்து விலக்கப்பட்டவர். கோயிம்பிராவில் படித்து, 1545இல் இயேசு சபையில் சேர்ந்து, அடுத்த ஆண்டு கோவாவை அடைந்து, 1547இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். 1600இல் புன்னைக்காயலில் உயிர் நீத்துத் தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்படும் வரை, ஐம்பது ஆண்டுகளுக்கு மேல், இக்கரையே அவர் ஊர். பிறப்பைக் காரணமாக்கித் தம் நாட்டில் ஒதுக்கப்பட்ட ஒருவர், பிறந்தபோது தம்மிடம் இல்லாத ஒரு மொழியைத் தமதாக்கிக்கொள்ள ஏன் அத்துணைப் பாடுபட்டார் என்று எண்ணிப் பார்க்கிறேன். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று அவர் எங்கும் எழுதியதாக நான் கண்டதில்லை. எனினும் ஓர் ஆசிரியரின் வாழ்வில் பழைய காயம் வேலை செய்யும் விதம் இப்படித்தான் இருக்கும் என்பது என் எண்ணம். பிறப்பினால் வருவதை எவரும் பறிக்கலாம். கற்றதைப் பறிக்க இயலாது.

மொழிபெயர்ப்பாளர் துணையில்லாமல் மக்களிடம் பேச வேண்டும் என்று அவர் முனைந்தார். இலத்தீன் இலக்கணத்தில் பயின்ற முறைப்படி, வேற்றுமைகளையும் காலங்களையும் மக்கள் வாயிலிருந்தே கேட்டுக் கேட்டு வரிசைப்படுத்தினார். தொல்காப்பியமோ நன்னூலோ அவர்க்கு வழிகாட்டவில்லை. மீனவர் பேச்சே அவருக்கு நூல். சில திங்களில் பேச்சு வந்துவிட்டது. 1549 அளவில் அவர் உருவாக்கிய ‘ஆர்த்தே தா லிங்குவா மலபார்’ என்னும் இலக்கணம் ஐரோப்பியர் தமிழுக்கு எழுதிய முதல் இலக்கணம். லிஸ்பன் தேசிய நூலகத்தில் கையெழுத்துப் படியாக இருந்த இதை 1982இல் ஹான்ஸ் வெர்மியர் பதிப்பித்தார். 2013இல் ஜீன் ஹைன் அம்மையாரும் வி. எஸ். ராஜம் அம்மையாரும் ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டனர். புலவர் மரபில் வந்த நமக்கு இந்நூல் முதற்பார்வையில் ஏமாற்றம் தரும். செந்தமிழ் வடிவம் இருக்க வேண்டிய இடத்தில் பேச்சு வடிவம் இருக்கும். சற்றுப் பொறுத்துப் படித்தால் பதினாறாம் நூற்றாண்டுக் கடற்கரையில் மக்கள் எப்படிப் பேசினர் என்பதைக் காட்டும் அரிய சான்று இது என்பது விளங்கும். நம் உரையாசிரியர் எவரும் நமக்கு அதைத் தந்து செல்லவில்லை.

கற்றவர் கற்பித்தார். பிற்காலத்தில் வந்த துறவியர்க்கு அவரே தமிழாசிரியர். தமக்குள்ளும் தமிழிலேயே பேச வேண்டும், தவறினால் சிறு தண்டனை என்று ஓர் ஒழுங்கை அவர் வைத்தார். (தமிழ்த்துறை ஆசிரியர் அறைகளில் இவ்வொழுங்கைக் கொணர்ந்தால் நம்மில் பலர் மாலைக்குள் பெருந்தொகை கட்ட நேரும்.) சவேரியார் காலத்து மன்றாட்டுகளை மீண்டும் பார்த்துத் திருத்தினார். 1549இல் அவருக்கு மேலவராக இருந்த அந்தோனியோ கிரிமினாலி வேதாளையில் கொல்லப்பட்டபின் பொறுப்பு இவர்மீது விழுந்தது. 1553இல் புன்னைக்காயல் பகைவர் கைப்பட்டபோது சிறைப்பட்டார். மீண்டபின்னும் ஊர் திரும்ப வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை.

அவர் வந்தது சமயம் பரப்ப. அதை மறைக்கவோ மழுப்பவோ வேண்டியதில்லை. தமிழ் அவருக்கு முதலில் கருவிதான். அக்கருவி எந்த நாளில் அவருக்குக் கருவி என்பதைக் கடந்த ஒன்றாயிற்று? நாள் குறித்துச் சொல்ல இயலாது. அவர் செய்தவற்றின் அளவைக் கொண்டே உணரலாம். 1578 அக்டோபர் 20இல் கொல்லத்தில் 16 பக்கமுடைய ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாயிற்று. இந்திய மொழி எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான நூல்களுள் நமக்குக் கிடைப்பவற்றில் இதுவே மிகப் பழையது. 1579இல் கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’. 1586இல், தம் அறுபத்தாறாம் வயதில், அடியார் வரலாறுகளைக் கூறும் பெருநூல். நூல்களை அச்சிடுவதற்கு இக்கரை மக்களே பொருள் கொடுத்தனர். பாவமன்னிப்புக் கேட்க வருபவரின் பேச்சை விளங்கிக்கொள்ளும் அளவுத் தமிழே அவர் பணிக்குப் போதும். அறுபத்தாறு வயதில் பெருநூல் ஒன்றை உரைநடையில் எழுதி முடிக்கப் பணியுணர்வுக்கு மேலும் ஏதோ ஒன்று வேண்டும். அதை மொழிக்காதல் என்று உடனே பெயரிட்டு விடுவது எளிது. நெடுநாள் ஒன்றைக் கற்பித்தவருக்கு அதை விட்டால் வேறு வீடில்லை என்றாகிவிடும் நிலை அது என்பேன்.

இவரை நினைக்கையில் தூத்துக்குடிக்கு அருகில் சாயர்புரத்தில் பள்ளி நடத்திய ஜி. யு. போப்பும் நினைவுக்கு வருகிறார். அண்டிரிக் பிறந்தது 1520, போப் பிறந்தது 1820. அண்டிரிக் இறந்தது 1600. தம் எண்பதாம் பிறந்தநாளில் போப் திருவாசக மொழிபெயர்ப்பை நிறைவு செய்து வெளியிட்டது 1900. தற்செயல்தான், ஆயினும் வகுப்பில் இதைச் சொன்னால் மாணவியர் ஆண்டுகளை மறப்பதில்லை. போப் கடுமையான ஆசிரியர் என்று பெயர் எடுத்தவர். அவருக்குத் தமிழ் கற்பித்தவர் இராமாநுசக் கவிராயர் என்பதை நாம் அறிவோம். அண்டிரிக்குக்குக் கற்பித்தவர் இக்கரை மக்களே. அவர்களுள் ‘தம்பிரான் வணக்க’த்தைப் பெயர்த்ததில் பங்குகொண்ட மனுவேல் பாதிரியார் பெயர் நமக்குத் தெரிகிறது. 1554இல் லிஸ்பனில் உரோமன் எழுத்தில் அச்சான தமிழ் மன்றாட்டு நூலை ஆக்கிய வின்சென்ட் நசரேத், ஜோர்ஜ் கர்வாலியோ, தோமா குரூஸ் என்னும் மூவர் பெயரும் தெரிகின்றது. போர்ச்சுகீசியப் பெயர்கள் சூடிய தமிழர்கள் அவர்கள். கடல் கடந்து போய்த் தம் மொழியை அயலாருக்குக் கற்பித்த அவர்களும் ஆசிரியர்களே.

இந்நூல்கள் நம்மவர் கைக்கு மீண்டும் வந்ததும் இவ்வூரிலிருந்துதான். தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகம் 1963இல் ‘தம்பிரான் வணக்க’த்தையும் 1967இல் ‘அடியார் வரலா’ற்றையும் சே. இராசமாணிக்கம் அடிகளாரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளியிட்டது. இக்கரையில் கடைசி முத்துச் சலாபம் நடந்தது 1961இல். சலாபம் நின்ற இரண்டாம் ஆண்டில், சலாபப் பணத்தில் தொடங்கிய கல்வியின் முதல் அச்சு நூல் ஊர் திரும்பிற்று.

சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை வகுப்பில் அண்டிரிக்கின் இலக்கணத்தில் வரும் எடுத்துக்காட்டுகள் சிலவற்றைக் கரும்பலகையில் எழுதினேன். எனக்குள் ஒரு சலிப்பு குடியேறியிருந்த காலம் அது. வேறு பாடம் கிடைக்காததால் தமிழுக்கு வந்தவர்கள் என்று என் மாணவியரை நானே மனத்துக்குள் முடிவு கட்டி, குறிப்புகளை ஒப்புவித்துக் கொண்டிருந்தேன். பலகையில் இருந்த வினைவடிவம் ஒன்றை வழக்கிறந்தது என்று விளக்கி அடுத்ததற்குப் போனேன். கடைசி வரிசையில் இருந்த பெண் எழுந்தாள். கடற்கரைச் சிற்றூர் ஒன்றிலிருந்து பேருந்தில் வருபவள், அதுவரை வகுப்பில் வாய் திறவாதவள். அவ்வடிவம் வழக்கிறக்கவில்லை என்றும், தன் பாட்டி நாள்தோறும் அப்படியே பேசுவதாகவும் சொன்னாள். எங்கே, பேசிக் காட்டு என்றேன். முதலில் தயங்கினாள். பின்னர்ப் பாட்டி மீன் விலை பேசும் முறையை அப்படியே பேசிக் காட்டினாள். வகுப்பு சிரித்தது, அவளும் சிரித்தாள். நான் சுண்ணக்கட்டியை அவளிடம் கொடுத்துவிட்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்து, குறிப்பேட்டைத் திறந்து எழுதிக்கொள்ளத் தொடங்கினேன்.