குப்பை யாருக்குச் சொந்தம்?

சண்டாளர் பிணத்தின் துணியை உடுத்த வேண்டும், உடைந்த கலத்தில் உண்ண வேண்டும் என்கிறது மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம். பிறர் கழித்ததை எடுப்பது அங்கே உரிமையல்ல, கட்டளை. 1927 டிசம்பரில் மகாடில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் அந்நூல் எரிக்கப்பட்டது. செத்த மாட்டிறைச்சியை உண்ணாதீர்கள் என்று அவர் சொன்னதும் அதே ஆண்டு, அதே ஊரில்தான்.

நகரத்தில் கட்டளை தலைகீழானது. எடுத்தால் திருட்டு! புனேயில் தொட்டியைக் கிளறிய பெண்கள், பெரும்பாலும் தலித்துகள், போலீசின் சந்தேகத்துக்கு ஆளானார்கள். 1993-இல் 'காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்' என்று சங்கமானார்கள். காகிதம், கண்ணாடி, தகரம்: பெயரிலேயே தொழிலைச் சொன்ன சங்கம். மாநகராட்சி ஒப்புதலோடு அது வழங்கிய அடையாள அட்டை அவர்களுக்குக் கவசமானது. 2008-இல் அவர்களுடைய 'ஸ்வச்' கூட்டுறவு, வீடுவீடாகக் குப்பை சேகரிக்க மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டது.

2016-இன் திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பை பொறுக்குவோரை உள்ளாட்சிகள் இணைத்துக்கொள்ள வேண்டும் என்றன. வரவேற்கத்தக்கதுதான். ஆனால் அந்த விதியில் 'அங்கீகரிக்கப்பட்ட' என்றொரு சொல் உட்கார்ந்திருந்தது. அட்டை இல்லாதவர்? குப்பையை டன் கணக்கில் தனியாருக்கு ஒப்பந்தம் விட்ட ஊரில், தொட்டிக்குள் நீளும் அவர் கை நிறுவனத்தின் சரக்கில் கைவைத்ததாகிறது.