ஃபிளாப்பி படிமம் எழுதுதல் (அமிகா 1000)

கமடோர் நிறுவனம் 1985-இல் வெளியிட்ட அமிகா 1000, தன் இயக்க அமைப்பின் அடித்தளமான கிக்ஸ்டார்ட்டை ரோமில் வைத்திருக்கவில்லை. மின்சாரம் கொடுத்ததும் 3.5 அங்குல ஃபிளாப்பியிலிருந்து அதை 256 கிலோபைட் நினைவகத்தில் ஏற்றிக்கொள்ளும். அந்த வட்டு கெட்டால் நல்ல இயந்திரமும் முடங்கும். எனவே மீட்பின் முதல் வேலை, பாதுகாக்கப்பட்ட படிமத்தை மீண்டும் வட்டில் எழுதுவதே. சாதாரணக் கோப்பு நகலாக இதைக் கருதுவது தவறு. அமிகா வட்டின் ஏடிஎஃப் படிமம் 9,01,120 பைட் கொண்டது: இரு பக்கம், பக்கத்துக்கு 80 தடங்கள், தடத்துக்கு 11 பிரிவுகள், பிரிவுக்கு 512 பைட். ஐபிஎம் வகைக் கணினி அதே வட்டில் வழக்கமாகத் தடத்துக்கு 9 பிரிவுகளை, இடைவெளி விட்டுத் தனித்தனியே எழுதும். அமிகாவோ முழுத் தடத்தையும் ஒரே வீச்சில் எழுதும். இதைப் பிசியில் எழுதத் தடையாக நிற்பது டிரைவ் அல்ல, கணினியின் கட்டுப்பாட்டுச் சில்லு. கிரீஸ்வீசல் போன்ற யூஎஸ்பி பலகை அந்தச் சில்லை ஒதுக்கிவிட்டு, காந்தத் திசைமாற்றங்களின் நேரத்தையே டிரைவுக்கு அனுப்புவதால் பழைய பிசி டிரைவே போதுமானதாகிறது.

கோடெக் போன்ற போலி டிரைவில் படிமத்தை யூஎஸ்பி குச்சியிலிருந்தே ஓட்டலாமே, வட்டு எதற்கு என்று கேட்கலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கு அது சிறந்த வழிதான். ஆனால் மூல டிரைவின் தலையும் மோட்டாரும் வேலை செய்கின்றனவா என்பதை அது சொல்லாது. அதைச் சோதிக்க உண்மையான வட்டு வேண்டும். நகல் தடுப்புள்ள விளையாட்டுகளுக்கு ஏடிஎஃப் போதாது என்பதும் சரியே. அவற்றுக்குக் காந்தத் தடத்தையே பதிந்த படிமம் தேவை. எழுதுவதற்கு இரட்டை அடர்த்தி வட்டையே பயன்படுத்துங்கள். எழுதியபின் திரும்பப் படித்துச் சரிபாருங்கள்.